வானத்திலும் ஒரு பைலட் அண்ணன் கிடைப்பாரா?

கேள்வி:

அக்கா, எனக்கு 26 வயது. உசிலம்பட்டிப் பக்கம் 108 வண்டியில் நாலு வருஷமாக இ.எம்.டி.யாக (நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவப் பணியாளர்) இருக்கிறேன். விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். ஏர் ஆம்புலன்ஸில் வேலை பார்க்க வேண்டும் என்று படிக்கிற காலத்தில் இருந்தே ஆசை. மூன்றே மாதத்தில் பிளைட் பாராமெடிக் (பறக்கும்போது நோயாளியைக் கவனிப்பவர்) ஆக்குகிறோம், நூறு சதவீதம் வேலை என்று ஒரு பயிற்சி நிறுவனம் கூப்பிடுகிறது. கட்டணம் 1,80,000 ரூபாய். அம்மா தன் செயினை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். ஆனால் நான் தினமும் விமானத்தில் போவதை நினைத்தாலே அவருக்குப் பயம்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வண்டியை ஓட்டுகிற பைலட் அண்ணனும் நானும் நாலு வருஷமாக ஒரே ஷிஃப்ட். போன மாசம் செக்கானூரணி தாண்டி வண்டியிலேயே பிரசவம் ஆனது. அண்ணன் ரோட்டோரம் நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, டார்ச்சை மட்டும் உள்ளே பிடித்தபடி அரை மணி நேரம் நின்றார். இந்த மாதிரி மனுஷர் அங்கேயும் கிடைப்பாரா அக்கா? அது கிடைக்காது என்றால் நான் போகவே வேண்டாமா?

– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்:

தங்கச்சி, அம்மா அடகுக் கடைக்குக் கிளம்புவதற்குள் செயின் விஷயத்தை முடித்துவிடுவோம். வைக்க வேண்டாம். மூன்று மாதத்தில் யாரையும் பிளைட் பாராமெடிக் ஆக்க முடியாது. நானும் 108-ல் இருந்து ஏர் ஆம்புலன்ஸுக்குப் போனவள்தான். எனக்கு நேர்காணல் நடந்தபோது சான்றிதழ் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வென்டிலேட்டர்ல பிரஷர் அலாரம் அடிக்குது, ஆக்சிஜன் அளவு இறங்குது, முதல்ல எதைப் பார்ப்பே, அடுத்து எதைப் பார்ப்பே?" என்று ஒரு மயக்க மருந்து டாக்டர் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐசியூவில் ராத்திரி ராத்திரியாக நின்றவர்களுக்குத்தான் அதற்குப் பதில் வரும். எஃப்.பி.-சி. என்று அமெரிக்கச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் இப்படிப்பட்ட இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். அது ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் எழுதும் தேர்வு, வேலை கற்றுக்கொடுக்கும் படிப்பு இல்லை.

உன் கையில் இருக்கும் பி.எஸ்சி.தான் உன் சொத்து. துணை மருத்துவப் பணியாளர்களுக்காக 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய ஆணையச் சட்டத்தில் நம்ம தொழிலும் இருக்கிறது. நாளைக்குப் பதிவு, உரிமம் என்று எது வந்தாலும் முறையான பட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் மதிப்பு. அதோடு நாலு வருஷம் 108. அந்த நாலு வருஷத்தின் விலை இப்போது உனக்குத் தெரியாது.

இனி வேலையைப் பற்றி. ஆசை எதன்மேல் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு வா. மலையில் விழுந்தவரைக் கயிறு கட்டித் தூக்கும் ஹெலிகாப்டர்தான் நம்ம எல்லார் மனதிலும் இருக்கிறது. ஜெர்மனியில் 1970-லேயே மியூனிக்கில் அவசர சிகிச்சை ஹெலிகாப்டர் பறக்கத் தொடங்கிவிட்டது. நம்ம நாட்டில் ரிஷிகேஷ் எய்ம்ஸில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கியது 2024 அக்டோபரில்தான். இங்கே ஏர் ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் சின்ன விமானம், ஓர் ஊர் ஐசியூவில் இருந்து இன்னோர் ஊர் ஐசியூவுக்கு. நீ உசிலம்பட்டி ஜி.எச்.சில் இருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஐ.எஃப்.டி. கேஸ் (ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாற்றுவது) எடுத்துப் போகிறாயே, அதேதான். நோயாளி இன்னும் மோசமாக இருப்பார், தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், நடுவில் எங்கேயும் நிறுத்த முடியாது.

உள்ளே எப்படி இருக்கும் தெரியுமா? நான் அதிகம் பறந்தது கிங் ஏர் பி200 விமானத்தில். உட்கூடு உயரம் நாலே முக்கால் அடி, நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு பக்கம் ஸ்ட்ரெச்சர், மறுபக்கம் நாங்கள், முழங்கால் நோயாளியின் விலாவில் இடிக்கும். இன்ஜின் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப்பால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும், மானிட்டரில் மூச்சுக்காற்றின் அலையைப் பார்க்க வேண்டும். உயரம் குறைவு என்பதால் பாட்டிலை மாட்டிவிட்டுச் சொட்டுச் சொட்டாக ட்ரிப்ஸ் ஏற்றுகிற பழக்கம் அங்கே எடுபடாது, மருந்தை அளந்து தள்ளுகிற சிரிஞ்ச் பம்ப்தான்.

அப்புறம் காற்று. ஆரம்பத்தில் எனக்குப் பயமாக இருந்ததும், பிறகு ரொம்பப் பிடித்துப்போனதும் இந்தப் பாடம்தான். விமானம் மேலே போனதும் கேபினுக்குள் அழுத்தம் குறையும், சாதாரணமாக 8,000 அடி மலைமேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த அழுத்தத்தில் அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பிவிடும். தரையில் நெஞ்சுக்கூட்டில் கொஞ்சம் காற்று கசிந்து, ஒன்றும் ஆகாமல் படுத்திருந்தவருக்கு மேலே போனதும் அதுவே நுரையீரலை அமுக்கும். அதனால் கிளம்பும் முன்பே எக்ஸ்ரே பார்த்து, தேவைப்பட்டால் டாக்டர் நெஞ்சில் குழாய் போட்டுவிடுவார். மூச்சுக்குழாய் டியூபைச் சுற்றிக் காற்று நிரப்பிய கஃப் இருக்கிறதே, அதுவும் உப்பும், அதை ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு இந்த அழுத்த மாற்றமே ஆகாது. அப்போது கேப்டனிடம் 'சீ லெவல் கேபின்' கேட்போம். அவர் தாழப் பறந்து உள்ளே தரையின் அழுத்தத்தையே வைத்திருப்பார். எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், சில சமயம் நடுவில் இறங்கி நிரப்ப வேண்டியிருக்கும். ஆனாலும் நியாயமாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நீ உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பைலட் அண்ணன் கிடைப்பாரா?

108-ல் ஓட்டுநரைப் பைலட் என்று கூப்பிடுகிறோம், அந்தப் பெயர் அவருக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் விமானத்தில் இருக்கிற பைலட்டிடம் அந்த உறவைத் தேடாதே. 10,000 அடிக்குக் கீழே ஏறும்போதும் இறங்கும்போதும் அவர்களிடம் தேவையில்லாத ஒரு வார்த்தை பேசக் கூடாது. வெளிநாட்டு ஹெலிகாப்டர் சேவைகள் பலவற்றில் ஒரு பழக்கம் உண்டு: நோயாளி யார், குழந்தையா, எவ்வளவு மோசம் என்று எதையும் விமானியிடம் சொல்ல மாட்டார்கள். சின்னக் குழந்தை என்று தெரிந்தால் மனசு கேட்காமல், மோசமான வானிலையிலும் கிளம்பிவிடுவார் என்பதால். முதலில் கேட்டபோது எனக்கு இது கல்நெஞ்சமாகப் பட்டது. உங்கள் பைலட் அண்ணன் 'பிள்ளைக்கு எப்படி இருக்கு?' என்று கேட்டபடியே ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர், என் பழைய பைலட்டும் அப்படித்தான். அந்த வேகத்தில் ஆண்டிபட்டிக் கணவாயில் நாங்கள் ஒருநாள் லாரிக்கு அடியில் போகப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் இந்த விதி எனக்குப் புரிந்தது.

எனக்குக் கிடைத்த ஆள் ஒரு செவிலியர். கோட்டயம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், நாங்கள் எல்லாரும் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். சேர்ந்த முதல் ஆறு மாதம் அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். ஏனென்றால் நான் அடுக்கிய பையை அவர் மறுபடி பிரித்து எண்ணுவார், நான் போட்ட கணக்கை அவர் மறுபடி போடுவார். நாலு வருஷம் 108, மூன்று வருஷம் ஐசியூ பார்த்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அப்புறம் ஒரு சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய அதே காலை. வைகைக்கு வடகரையில் ஒரு மருத்துவமனையில் 22 வயதுப் பையன், காய்ச்சல் முற்றி நுரையீரல் கெட்டு வென்டிலேட்டரில் இருக்கிறான், சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். விமானத்தில் ஸ்ட்ரெச்சருக்கு அடியில் பெரிய சிலிண்டர் உண்டு, அது வானத்துக்கு. தரையில் போக வரக் கையில் தூக்குகிற சின்ன சிலிண்டர், முழுதாக நிரப்பினால் 680 லிட்டர். பையனுக்கு நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் போகிறது. மருத்துவமனையில் இருந்து விமான நிலையத்துக்கு நாற்பது நிமிஷம், ஆக 400 லிட்டர், ஒரு சிலிண்டர் தாராளம், மிச்சத்துக்குத் தரை ஆம்புலன்ஸின் சொந்த சிலிண்டர் இருக்கிறது. இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். இது என் ஊர், ரோடு எனக்குத் தெரியும் என்ற நினைப்பு வேறு.

சேட்டன் என் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இது பெட் டு பெட்டா?" எங்கள் தொழிலில் இந்தச் சொல்லை விளம்பரத்திலேயே போடுவார்கள். நோயாளி படுத்திருக்கும் கட்டிலில் இருந்து அடுத்த ஊர்க் கட்டில் வரை எங்கள் பொறுப்பு என்று அர்த்தம். கட்டிலில் இருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுகிற நேரம், லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிற நேரம், விமானத்தில் ஏற்றுகிற நேரம், எதையும் நான் சேர்க்கவில்லை. சேர்த்த பிறகு வருவதை இரண்டால் பெருக்கவும் இல்லை. "அந்த வண்டியில்தான் சிலிண்டர் இருக்கே சேட்டா" என்றேன். "இருக்கும். நம்ம ஹோஸ் அதுல மாட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய் இன்னும் இரண்டு சிலிண்டரைத் தூக்கி வந்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும் திறப்புச் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கட்டியிருந்தார்.

அவர் சொன்ன மாதிரியே ஆனது. தரை ஆம்புலன்ஸின் இணைப்பு எங்கள் ஹோஸுக்கு, அதாவது ஆக்சிஜன் குழாய்க்கு, பொருந்தவில்லை. கோரிப்பாளையம் பக்கம் தலையை நீட்டவே முடியாது, ஆற்றுப் பாலங்கள் எல்லாம் ஜனம், அதனால் மாட்டுத்தாவணி, பாண்டி கோயில் என்று சுற்றி ரிங் ரோட்டில் விரகனூர் வழியாகப் போனோம். அங்கேயும் கூட்டம். நான் சிலிண்டரின் அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரகனூர்ப் பாலத்துக்குச் சற்று முன்னால் அது சிவப்புக்குள் போனது. கையால் அமுக்குகிற ஆம்பு பேக்கை வைத்து ஊதியிருக்கலாம், ஆனால் அந்த நுரையீரலுக்கு வெறும் காற்று போதாது. சேட்டன் ஒரு கையால் பையனின் டியூபைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார், அதில் சிவப்புக் கயிறு. ஓடுகிற வண்டியில் மண்டியிட்டுப் பழைய சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, புதியதில் மாட்டித் திறந்தேன். புஸ்ஸென்று சத்தம் வந்து முள் மேலே ஏறிய அந்த நொடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே அழகர் வேடம் போட்ட இளவட்டங்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தவர்கள், சைரனைக் கேட்டதும் கைகோத்து நின்று இரண்டு பக்கமும் ஜனத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பையன் எங்கள் கண்ணாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான், அவன் முகத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாற்பது நிமிஷம் என்று நான் எழுதிய தூரத்துக்கு அன்று 95 நிமிஷம் ஆனது. 950 லிட்டர். என் கணக்கோடு போயிருந்தால் ரிங் ரோட்டிலேயே தீர்ந்திருக்கும்.

பையன் சென்னை போய்ச் சேர்ந்தான், மூன்று வாரம் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனான். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. திரும்பும்போது சேட்டனிடம், "இதை யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றேன். 108-ல் உன் பைலட் அண்ணன் என்ன செய்திருப்பார்? நமக்குள்ள இருக்கட்டும் என்றிருப்பார். என்னுடையவரும் அப்படித்தான் செய்திருப்பார், அன்பினால். சேட்டன் பையில் இருந்து சம்பவப் படிவத்தை எடுத்து என் மடியில் வைத்து, "நீயே எழுது. நான் எழுதினால் அது புகார், நீ எழுதினால் அது பாடம்" என்றார். அழுதுகொண்டே எழுதினேன். அடுத்த வாரம் எங்கள் சரிபார்ப்புத் தாளில் புதிதாக இரண்டு வரி ஏறியது: ஆக்சிஜன் கட்டிலில் இருந்து கட்டில் வரை, இரண்டு மடங்கு. சாவி சிலிண்டரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். யாரும் என்னைத் திட்டவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இன்றைக்கும் அந்த இரண்டு வரியைச் சத்தமாகப் படித்துத்தான் பையை மூடுகிறார்கள்.

அந்த ஆறு மாதமும் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சேட்டன் ஊருக்கே போய்விட்டார் இப்போது. நான் இன்னமும் பெரிய பயணத்துக்கு முன் ஆக்சிஜன் கணக்கை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பதிலுக்கு ஒரு எண் மட்டும் வரும், அவர் போட்ட விடை. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

அதனால் என் பதில்: கிடைப்பார். ஆனால் டார்ச் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்பவராக இருக்க மாட்டார், நீ செய்வதை உற்றுப் பார்க்கிறவராக இருப்பார். அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று உன்னையே கேட்டுக்கொள். நீயும் அடுத்தவரை அப்படிப் பார்க்க வேண்டும், வயதில் மூத்த டாக்டராக இருந்தாலும் "சார், இந்த மருந்து அளவை இன்னொரு தடவை பார்த்துடலாமா?" என்று வாய் திறக்க வேண்டும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது லேசில் வராது, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஒரே ஆளோடு நாலு வருஷம் என்பதும் அங்கே நடக்காது. இன்று ஒரு டாக்டர், நாளை வேறொருவர், கேப்டன்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் போன் வந்து ஒரு மணி நேரத்தில் விமானம் நிற்கிற ஹேங்கரில் கூடி, பையைப் பிரித்து, ஒருவர் படிக்க ஒருவர் தொட்டுக் காட்டி எண்ணி முடிக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில், முன்பின் தெரியாத ஆளோடும் ஒரு நெருக்கம் வந்துவிடும். காலியாகத் திரும்புகிற நாட்களில் அது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு தடவை வடக்கே ஓர் ஊருக்குப் போய் இறங்கினோம், மருத்துவமனையில் இருந்து போன் வந்தது, நோயாளி இறந்துவிட்டார். பயணத்துக்காக நிலத்தை விற்ற குடும்பம் அது. விரித்து வைத்திருந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தபடி நானும் டாக்டரும் உட்கார்ந்திருந்தோம். கேப்டன் காக்பிட்டில் இருந்து எழுந்து குனிந்தபடி வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து என்னிடம் நீட்டினார். இரண்டு பேருமாக மடித்தோம். ஷிஃப்ட் முடிந்ததும் உங்கள் அண்ணன் பைப்பைப் பிடிக்க நீ வண்டியைத் தேய்ப்பாயே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது.

எல்லாமே துக்கம் என்றும் நினைக்காதே. வளைகுடாவில் சாரத்தில் இருந்து விழுந்து இடுப்பு உடைந்த ஒரு கொத்தனாரைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவந்தேன். அதில் சில இருக்கைகளை மடக்கி, அவற்றின் மேல் ஸ்ட்ரெச்சரைப் பொருத்தித் திரை போட்டுவிடுவார்கள். முதுகுளத்தூர்க்காரர், இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் யாரோடும் தமிழில் பேசாதவர். நான் திருமங்கலம் என்றதும் முதலில் கேட்டது, "நம்ம பக்கம் மழை பெஞ்சுச்சா தாயி?" சென்னை வருகிற வரை கண்மாய், நெல்லு, மிளகாய் என்று பேசிக்கொண்டே வந்தார், வலி மருந்து கேட்கவே இல்லை.

அம்மாவின் பயம் நியாயமானது. அதை ஒன்றுமில்லை என்று தள்ளாதே. 2008-ல் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் விபத்துகளில் நிறையப் பேர் இறந்தார்கள், அடுத்த ஆண்டே அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பொது விசாரணை நடத்தியது. ராத்திரி, மோசமான வானிலை, எப்படியும் போய்விட வேண்டும் என்ற அவசரம், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பெரிய ஆபத்து. இரண்டு விமானிகளோடு ஓடுபாதைக்கு ஓடுபாதை போகிற விமானத்தில் ஆபத்து குறைவு, இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்களிடம் ஒரு விதி உண்டு: கிளம்புவதற்கு எல்லாரும் சம்மதிக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல ஒருவர் போதும், காரணம் கேட்கக் கூடாது. நீ வேலைக்குப் போகிற இடத்தில் இந்த விதி இருக்கிறதா என்று நேர்காணலிலேயே கேள். பறந்தால்தான் முழுச் சம்பளம், பறக்காவிட்டால் பாதிச் சம்பளம் என்கிற இடமாக இருந்தால் சேராதே. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாளில் வீட்டு வாடகை ஞாபகம் வந்துவிடும்.

என் அம்மா இன்றைக்கும் திருமங்கலம் வீட்டு மாடியில் நின்று, மேலே எந்த விமானம் போனாலும் பார்ப்பார், அதில் நான் இல்லை என்று தெரிந்தாலும். நான் அவருக்குச் செய்வது ஒன்றுதான், சக்கரம் தரையைத் தொட்டு போனைத் திறக்க அனுமதி கிடைத்ததும் "இறங்கிட்டேன்" என்று ஒரு வார்த்தை. சுற்றிலும் எல்லாரும் அதே நேரத்தில் அதைத்தான் அடித்துக்கொண்டிருப்பார்கள். சேட்டன் தன் மனைவிக்கு மலையாளத்தில் "எத்தி" (வந்து சேர்ந்தேன்) என்று அனுப்புவார். உன் அம்மாவுக்கும் அந்த வார்த்தையைப் பழக்கு, 108-லேயே தொடங்கலாம், ராத்திரித் தேனி ரோடு ஒன்றும் லேசுப்பட்டதில்லை.

என்ன செய்யலாம் என்றால், மதுரையிலேயே நல்ல ஐசியூ ஒன்றில் சேரப் பார். குறைந்தது ஒன்றரை, இரண்டு வருஷம். சம்பளம் ஆரம்பத்தில் உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கிற இடமாகத் தேர்ந்தெடு. உயிர்காக்கும் அடிப்படைச் சிகிச்சைக்கான பி.எல்.எஸ்., அதற்கு அடுத்த நிலையான ஏ.சி.எல்.எஸ்., குழந்தைகளுக்கான பி.ஏ.எல்.எஸ்., விபத்துக் காய சிகிச்சைப் பயிற்சி, இவை சில நாட்களில் முடிகிறவை, அந்த 1,80,000-ல் சின்னப் பங்குதான் ஆகும், உன் சம்பளத்தில் இருந்தே ஒவ்வொன்றாக முடித்துவிடலாம். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். அட்டைகள் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால் எல்லாவற்றையும் இப்போதே அவசரப்பட்டு எடுக்காதே. வளைகுடாப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் சான்றிதழ்கள் உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, உரிமத் தேர்வு என்று இன்னொரு பாதை இருக்கிறது. அனுபவச் சான்றிதழ்களைத் தேதி பிசகாமல் வாங்கி வை, அதில்தான் நம்ம பிள்ளைகள் பலர் மாட்டுகிறார்கள்.

பைலட் அண்ணனிடம் சொன்னாயா? சொல்லாவிட்டால் இன்றைய ஷிஃப்ட்டிலேயே சொல். போகட்டும் என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், அது டார்ச் பிடிக்கிற ஆள் இல்லையா.

ஒரு கணக்கு தருகிறேன். உசிலம்பட்டி ஜி.எச்.சில் இருந்து மதுரை பெரியாஸ்பத்திரி, ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நோயாளிக்கு நிமிஷத்துக்கு எட்டு லிட்டர். கட்டிலில் இருந்து கட்டில் வரை எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்? போட்டு முடித்ததும் எனக்கு அனுப்பாதே, முதலில் அண்ணனிடம் காட்டு. சந்தை நாளில் எங்கே எவ்வளவு நேரம் வண்டி நிற்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும்.